கல்லில் நிற்கும் தாழை

தாழை நீரோரத்தில் வாழ்வது. கடற்கரையிலும் ஓடைக்கரையிலும் முள்விளிம்பு மடல்களோடு புதராய் அடர்ந்து நிற்கும். அதே மடல், அதே முள், ஆனால் நிற்கும் இடம் கல்லாங்குத்து. அந்தச் செடிக்குத் தமிழர் வைத்த பெயர்தான் கல் + தாழை, கற்றாழை. பேச்சில் கத்தாழை.

அந்தப் பெயரின் முதற்பாதியைப் பார்க்க, செஞ்சிக்கு வடக்கே தேசூர்ப் பக்கம் உள்ள சீயமங்கலத்துக்குப் போகலாம். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அவனிபாஜன பல்லவேசுவரத்தைக் குடைந்தது இவ்வூர்ப் பாறையில்தான். இன்று அது தூணாண்டார் கோயில். பெய்த மழை தேங்காமல் பாறைச் சரிவில் வழிந்தோடிவிடுகிறது. கற்றாழை கேட்பதும் இப்படிப்பட்ட நிலத்தைத்தான்.

நாம் வீட்டில் வளர்க்கும் சோற்றுக் கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம் என்கிறது 2015-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு. வெளியிலிருந்து வந்த செடிக்கு நம் மண்ணின் சொல் அமைந்தது. அதன் சரக்குக்கோ வணிகர் கொண்டுவந்த பெயரே நிலைத்தது. மடலிலிருந்து வடியும் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கிய கட்டி மூசாம்பரம். 'ஸப்ர்' என்னும் அரபு அடியில் பிறந்த 'முஸப்பர்' நம் நாவில் இப்படித் திரிந்தது. நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்றாலும் அதையே எடுத்துத் தருவார்கள். சித்த மருத்துவத்தில் செடிக்கே குமரி என்று பெயர்.

'சோற்று' என்ற அடைமொழி எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைச் சோறு என்பது பழைய வழக்கு. கற்றாழை மடலுக்குள் இருக்கும் சோறு முழுக்கச் செடி சேர்த்துவைத்த நீர். வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் வாடாதிருப்பது அதனால்தான். பின்னாளில் மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்த பெரிய செடி ஆனைக் கற்றாழை ஆயிற்று. தண்டவாள ஓரம் வேலியாய் நட்டதால் ரயில் கற்றாழை என்றும் சொன்னார்கள். அது வேறு இனம். ஒருமுறை பூத்ததும் பட்டுப்போகும். சோற்றுக் கற்றாழை பல ஆண்டு பூக்கும்.

பால்கனியில் செத்துப்போகும் கற்றாழைகளில் பெரும்பாலானவை அன்பாக ஊற்றிய தண்ணீரால் அழுகியவை. அடியில் துளையுள்ள மண்தொட்டி போதும். செம்மண்ணோடு சரிபாதி ஆற்றுமணலும் கல்பொடியும் கலந்து, மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபிறகே நீர் விடுங்கள். நிழலில் வளர்ந்த செடியைச் சட்டென்று உச்சிவெயிலில் வைத்தால் மடல் சிவக்கும். சிறிது சிறிதாகப் பழக்குங்கள். விதை தேட வேண்டாம், தாய்ச்செடியைச் சுற்றிக் கன்று வரும். பிரித்த கன்றை இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் நடவேண்டும். மடல் வேண்டுமானால் அடிவரிசையில் முற்றியதை அறுத்து நிமிர்த்தி வையுங்கள். மஞ்சள் பால் வடிந்துவிடும். பேதியைக் கிளப்புவது அந்தப் பால்தான். சோற்றை ஏழு முறை கழுவச் சொன்ன பாட்டிமார் காரணத்தோடுதான் சொன்னார்கள். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.