மாடு திரும்பி வந்ததா?

1927 செப்டம்பரில் வெளிவந்த முர்னோவின் 'சன்ரைஸ்' படத்துக்கு 1929-இல், முதல் ஆஸ்கர் விழாவில், தனித்துவமான கலைப்படைப்புக்கான பரிசு கிடைத்தது. கதை தெரிந்ததுதான்: நகரத்துக்காரி குடியானவனை மயக்கி, பெண்டாட்டியை ஏரியில் தள்ளிவிட்டு நிலத்தை விற்றுவிட்டு வா என்கிறாள். இடையில் கடன்காரர்கள் பண்ணையைச் சுரண்டுகிறார்கள், மாடு போகிறது. சில கணங்கள்தான். கடனுக்கும் காரணம் அவள்தானாம்.

வெளியே நடந்தது வேறு. 1920-இல் போர்க்கால விலைகள் சரிந்தன. நிலத்தை அடகுவைத்திருந்த அமெரிக்க விவசாயிகள் நொடித்துப்போனார்கள். அதே ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் நகரவாசிகள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டினார்கள். விளைபொருளுக்கு நியாய விலை கோரிய மக்நேரி-ஹாகன் மசோதாவை 1927 பிப்ரவரியில் ஜனாதிபதி கூலிட்ஜ் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். நிலத்தை விட்டுப் போனவர்களை விரட்டியது விலையும் வட்டியும். எந்த மோகினியும் அல்ல.

படத்தில் ஆட்களுக்கும் பெயரில்லை, ஊருக்கும் பெயரில்லை. இதை 'உலகப் பொதுமை' என்று புகழ்வது வழக்கம். பெயரில்லாத ஊரில் யாரிடம் போய் விலை கேட்பது? வரலாற்றைத் துடைத்தெடுத்த இடத்தில் பெண்ணுடல் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறது. இதுதான் அந்தக் கதையாடலின் அரசியல்.

கடைசியில் நகரத்துக்காரி வண்டியேறிப் போகிறாள், சூரியன் உதிக்கிறது. பெண்டாட்டி மன்னித்துவிட்டாள், சரி. கடன் என்னாச்சு? மாடு திரும்பி வந்துச்சா?