பழைய மாணவரே பள்ளியின் வரலாறு

நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், நம்மவர் முயற்சியால் எழுந்த கல்விக்கூடங்களின் வரலாற்றை இளைஞர்கள் அறிதல் இன்றியமையாததாகும். அவற்றுள் நமக்கு அண்மையது சிதம்பரம் நந்தனார் பள்ளி. கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் 1993ஆம் ஆண்டு வரை தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தவை அல்லவா?

அப்பள்ளியைத் தோற்றுவித்தவர் சுவாமி சகஜானந்தர். 1890ஆம் ஆண்டு ஆரணிப் பகுதியில் எளிய குடியிற் பிறந்த அவரது இயற்பெயர் முனுசாமி. துறவு பூண்டு சிதம்பரம் வந்த அவர், 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு பள்ளியைத் தொடங்கினார். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் நம்மவர் தடுக்கப்பட்ட காலம் அது. தில்லைக் கூத்தனைக் காண ஏங்கி ஊர் எல்லையில் நின்றவர் நந்தனார். அதே ஊரில் அவர் பெயரால் நம் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாயில் திறந்தது. விடுதியும் அமைந்தமையால் வெளியூர்ப் பிள்ளைகளும் தங்கிக் கற்றனர்.

சட்டமன்றத்திலும் பல்லாண்டு பணியாற்றிய சுவாமிகள் 1959ஆம் ஆண்டு மறைந்தார். இன்று நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் அரசுப் பள்ளிகளாக நடைபெறுகின்றன. சுவாமிகளின் சட்டமன்றப் பேச்சுகள் அவைக் குறிப்புகளில் உள்ளன. ஆனால் விடுதியில் ஒரு சிறுவன் முதல் நாள் உண்ட உணவும், அவனைப் பெயர் சொல்லி அழைத்த ஆசிரியரின் பரிவும் எப்பதிவேட்டில் உள்ளன? அவை அங்குப் பயின்றோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. முதியோர் மறையுந்தோறும் அவ்வரலாற்றில் ஓர் ஏடு மறைகின்றது.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் கறுப்பின மக்கள் 1970ஆம் ஆண்டு ‘உகுரு சாசா’ என்னும் பள்ளியைத் தாமே நிறுவினர். சுவாகிலி மொழியில் ‘இப்பொழுதே விடுதலை’ என்பது அதன் பொருள். ஆப்பிரிக்கரின் வரலாற்றையும் பண்பாட்டையும் நடுவாக வைத்துக் கற்பித்த அப்பள்ளி, 1980களில் மூடப்பட்டது. எனினும் அதன் நிதிக்காக 1971ஆம் ஆண்டு தொடங்கிய தெருவிழா, ஆப்பிரிக்கக் கலைவிழாவாக வளர்ந்து பள்ளிக்குப் பின்னும் நிலைத்தது. பள்ளி மறைந்தும் மரபு மறையாமைக்குக் காரணம், அதனைத் தமதெனக் கொண்ட மக்களே.

இளைஞர்களே! 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான் கருணாபுரத்தின் பெயரை நாடு அறிந்தது. அத்துயரை நாம் மறவோம். ஆயினும் நம் ஊரைப்பற்றி உலகம் படிக்கும் ஏடு அது ஒன்றாகவே இருத்தல் தகுமா?

ஆகவே, குடும்பத்தில் முதன்முதல் எழுத்தறிந்தவர் யார், எவ்வாண்டு, எப்பள்ளியில் பயின்றார், கட்டணத்திற்காக வீட்டில் எதனை விற்றனர் என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். தாய்மார் சொல்வதை முதலிற் கேளுங்கள். பட்டம் பெற்றவரோடு, வறுமையால் பாதியில் நின்றவரின் பெயரையும் எழுதுங்கள். அவர் கூலி உழைப்பினால் தம்பி தங்கையர் படித்திருக்கக்கூடும். பழைய சான்றிதழ்களுக்கும் நிழற்படங்களுக்கும் படியெடுத்துக் கழகத்தில் சேர்த்து வையுங்கள்.

பொன்விழாவின்போது இப்பெரியோருள் பலர் நம்மிடையே இரார். அன்று பேச வேண்டிய அவர்தம் சொற்களை இன்றே எழுதி வைப்பது நம் கடமையாகும்.