நந்திக்கடலோரம் ஒரு வைகாசிப் பொங்கல்

நம் பக்கத்து ஊர்களில் சாமி சாட்டியதும் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்துவிடுவார்கள். யார் தனிக்குடித்தனம் போனார், எந்த வீட்டில் தீட்டு, ஏலத்தோட்டத்திலேயே தங்கிவிட்டவர் யார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஊர் தன்னைத்தானே எண்ணிப் பார்க்கும் வேளை அது. ஒரு போர் வந்து அந்த நோட்டின் பெயர்களைக் கலைத்துப்போட்டால், மிஞ்சியவர்கள் எதை வைத்துத் திருவிழா எடுப்பார்கள்?

சிலமலை மலரில் இந்தக் கேள்வியை எழுப்பக் காரணம் கண்ணகி. சித்ரா பௌர்ணமியன்று பளியங்குடி வழியே மலையேறி நம்மவர்கள் கும்பிட்டு வரும் மங்கலதேவிக் கோட்டத்துத் தாய், கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னி மக்களுக்கும் தாய். சேரன் செங்குட்டுவன் அவளுக்கு எடுத்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும். முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் களப்பின் கரையில் உள்ள வற்றாப்பளையில் அவள் கோயில் இருக்கிறது. 2009 மே மாதம் ஈழப்போர் முடிவுக்கு வந்தது அதே நந்திக்கடலை ஒட்டிய முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில்தான்.

வற்றாப்பளைப் பொங்கல் ஓர் இரவில் முடிகிற விழா அன்று. வீடுகளில் பாக்குக் கேட்டுப் பெறும் பாக்குத் தெண்டலில் தொடங்கும். பிறகு கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரால் விளக்கேற்றுவது மரபு. ஒரு வாரம் அங்கே எரிந்தபின், வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை மடைப்பண்டம் என்னும் படையல் பொருட்கள் வற்றாப்பளைக்குப் போய்ப் பொங்கல் பொங்கும். இந்த முறைமையை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். கோயிலும் பூசாரியும் மட்டும் இருந்தால் இவ்விழா நடக்காது. கடற்கரைக்குப் போக வழி வேண்டும், இடையில் குடியிருப்புகள் வேண்டும், தெண்டலுக்கு வருபவரை எதிர்கொள்ள வாசலில் ஆள் வேண்டும்.

2009 வைகாசியில் அந்த வாசல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வவுனியாப் பக்கம் முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் வற்றாப்பளைக்கு அண்டை ஊரான கேப்பாப்புலவு மக்களும் உண்டு. ஊர் இராணுவத்தின் பிடியில் இருந்ததால் அவர்கள் சொந்த வாசலுக்குப் போக முடியவில்லை. 2017இல் இராணுவ முகாம் வாயிலிலேயே அமர்ந்து போராடித்தான் நிலத்தின் ஒரு பகுதியை மீட்டார்கள். காணி கேட்பதும் வழிபாட்டைக் காப்பதும் அங்கே வேறு வேறு வேலைகள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

இதைவிடக் கடினமானது வீட்டுக்குள் நடக்கும் சடங்கு. இறந்தவருக்குத் திதி கொடுக்கலாம், படையல் வைக்கலாம். போரின் முடிவில் இராணுவத்திடம் கையளித்த மகன் திரும்பவே இல்லை என்றால் தாய் என்ன செய்வாள்? திதி கொடுத்தால் அவன் செத்தான் என்று அவளே சொன்னதாகிவிடும். கொடுக்காவிட்டால் ஆண்டுதோறும் அந்த நாள் வந்து நெஞ்சை அறுக்கும். கணவனைத் தேடுகிறவளுக்கு நெற்றிப் பொட்டே கேள்வியாகிவிடுகிறது. எந்த ஆகமமும் இதற்கு விதி எழுதி வைக்கவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர்போராட்டத்தில் அமர்ந்தார்கள். அரசிடம் கேட்ட அதே கேள்வியை முருகனிடமும் கேட்க அந்த இடம் வாகாக இருந்தது. பக்தியின் மிகக் கனத்த வடிவம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

வன்னியின் துயரம் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று உண்டு. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் அடக்கம். போருக்குப் பின் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பியபோது பள்ளிவாசல்களும் காணிகளும் காடு மண்டிக் கிடந்தன. ஊரை மறுபடி எண்ணும்போது அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு நேராகும்.

அந்த எண்ணிக்கையை வேறு வழியில் செய்கிறது முள்ளிவாய்க்கால் கஞ்சி. முற்றுகையின் கடைசி நாட்களில் கிடைத்த அரிசியைத் தண்ணீரும் உப்பும் விட்டுக் காய்ச்சிக் குடித்தார்கள். அதையே ஒவ்வொரு மே மாதமும் தெருவோரங்களிலும் கோயில் வாசல்களிலும் காய்ச்சி, வருவோர் போவோர்க்கெல்லாம் வார்க்கிறார்கள். போரில் இறந்தவர்களுக்கான மே 18 நினைவேந்தலில் கிறிஸ்தவக் குருமாரும் இந்துக் குருமாரும் சேர்ந்து நிற்பதுண்டு. வைகாசி விசாகம் முந்தி வரும் ஆண்டுகளில் கஞ்சி வார்க்கும் வாரமும் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்கும் வாரமும் ஒட்டியே வரும். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டுக்கும் அரிசி களைவார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்களைக் காவல்துறை கைது செய்தது. அடுத்த ஆண்டு மே மாதத்திலும் வடக்கு கிழக்கில் கஞ்சி காய்ச்சினார்கள்.