வேகமானி முள் ஏன் கூட்டிச் சொல்கிறது?

மரக்காணத்தை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளப் பாத்திகள் பரந்து கிடக்கும் பகுதி மேடுபள்ளமற்ற சமதளம். காரின் வேகத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். ஓட்டுநர் சீரான வேகத்தில் செல்ல, உடன் செல்பவர் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லை அடைய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்கட்டும். 3,600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைத்துவிடும். நான்கைந்து கற்களுக்குச் சராசரி எடுப்பது நன்று.

வேகமானியின் முள் 60-இல் நிற்கையில் 64 விநாடி ஆயிற்று என்று கொள்வோம். உண்மை வேகம் 56.25 கி.மீ. தான். முள் ஏறக்குறைய 4 கி.மீ. கூட்டிச் சொல்கிறது! இது கருவியின் பழுதா? அன்று. தெரிந்தே செய்த ஏற்பாடு. காரணத்தை அறிய இக்கருவியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

1824-இல் பிரெஞ்சு அறிஞர் அரகோ ஒரு விந்தையைக் கண்டார். செப்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆயினும் செப்புத் தகட்டைச் சுழற்றியபோது, அதன்மேல் தொங்கிய காந்த ஊசியும் உடன் திரும்பியது. இதற்கான விளக்கம் 1831-இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகே கிடைத்தது. காந்தமும் உலோகமும் ஒன்றையொன்று கடந்து நகரும்போது உலோகத்தினுள் மின்னோட்டச் சுழல்கள் எழுகின்றன. இவையே சுழல் மின்னோட்டங்கள். இவை அந்த நகர்ச்சியை எதிர்ப்பதால் ஒன்று மற்றொன்றை இழுத்துச் செல்கிறது.

இந்த இழுப்பைக் கொண்டு வேகத்தை அளக்கலாம் என்று காட்டியவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்சே. அவர் 1902-இல் பெர்லினில் காப்புரிமை பெற்றார். இவ்வகைக் கருவியில், சக்கரத்தோடு தொடர்புடைய ஒரு கம்பிவடம் சிறு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் சூழ்ந்துள்ள அலுமினியக் கிண்ணம் இழுக்கப்படுகிறது. மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது. வேகம் கூடக்கூட முள் அதிகமாகத் திரும்புகிறது. கோயம்புத்தூரில் 1970-களில் தோன்றிய பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் இந்திய வண்டிகளுக்கான வேகமானிகளைச் செய்து வருகின்றன.

இக்கருவி சாலையை நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தின் சுற்றுகளையே அறிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 530 முறை சுற்றும். டயர் தேய்ந்து ஆரம் 6 மி.மீ. குறைந்தால் சுமார் 541 முறை சுற்றும். முள் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பெரிய டயரைப் பொருத்தினாலோ குறைவாகக் காட்டும்.

வெப்பமும் விளையாடும். கோடை வெயிலில் நின்ற காரின் முன்பலகை 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகக்கூடும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அலுமினியத்தின் மின்தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது. சுழல் மின்னோட்டம் அந்த அளவுக்குத் தளர்கிறது. 20 டிகிரியில் சரிபார்த்த கருவி 60 டிகிரியில், 60 கி.மீ. வேகத்தை 52 என்று காட்டிவிடும்! இதை ஈடுசெய்யக் காந்தத்தின் அருகே நிக்கல்-இரும்புக் கலவைத் தகடு ஒன்றைப் பொருத்துவர். குளிர்ச்சியில் அது காந்தப்புலத்தின் ஒரு பகுதியைத் தன்வழியே திருப்பிக்கொள்கிறது. சூடேறினால் அப்பகுதியைக் கிண்ணத்துக்கு விட்டுவிடுகிறது.

இவ்வளவு செய்தும் சிறு பிழை எஞ்சும். அப்பிழை எந்தப் பக்கம் இருக்கலாம் என்பதே கேள்வி. குறைத்துக் காட்டும் முள் ஆபத்தானது. 60-இல் செல்பவர் தாம் 50-இல் செல்வதாக நம்பினால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் அவர் எண்ணியதைவிட 44 சதவீதம் கூடுதலாகும். அத்தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதே காரணம். எனவே 1978-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் ஒழுங்குமுறை, முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது என்றது. மிகையாகக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்ந்த அளவைத் தாண்டக்கூடாது. உண்மை வேகம் 80 எனில் முள் 80 முதல் 92 வரை காட்டலாம். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆம் விதி வேகமானி பற்றியது.

பிழை இருபுறமும் 4 சதவீதம் என்றால், தயாரிப்பாளர் முள்ளை 4 சதவீதம் மேலே தள்ளிவைத்து, எந்நிலையிலும் அது உண்மைக்குக் கீழே இறங்காதபடி செய்கிறார். இன்றைய மின்னணு வேகமானிகளும் சக்கரச் சுற்றையே எண்ணுவதால் அவற்றிலும் இந்த மிகை உண்டு. செயற்கைக்கோள் வழியே வேகம் காட்டும் கைப்பேசி, சக்கரத்தைச் சாராததால் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே காட்டுகிறது.

இதை அறிந்த சிலர், "முள் 80 என்றால் உண்மையில் 75 தானே, இன்னும் 5 கூட்டலாம்" என்று கணக்குப் போடுவதுண்டு. அது தவறான கணக்கு. அந்த மிகை நமக்குத் தரப்பட்ட சலுகை அன்று. டயரும் வெப்பமும் செய்யும் பிழைக்காக ஒதுக்கிய இடம். சுற்றளவு 5 சதவீதம் பெரிதான டயரை மாட்டினாலே அந்த இடம் தீர்ந்துவிடும். உப்பு மூட்டை ஏற்றிய லாரி சாலையில் திரும்பும்போது தேவைப்படுவது அந்த இடைவெளிதான். முள்ளின் சொல்லை அப்படியே ஏற்று, 60 என்று அது காட்டும் வேகத்தில் 30 கி.மீ. சென்றால் நாம் இழப்பது 2 நிமிடமே.