கூகுள் ரிவியூ: கேட்கலாம், விலைக்கு வாங்கலாமா?

இராயபுரத்தில் பிரியாணிக் கடையானாலும் திருவொற்றியூரில் மொபைல் சர்வீஸ் ஆனாலும், புதிதாக வருகிறவர் முதலில் பார்ப்பது கூகுள் மேப்பில் உள்ள நட்சத்திரங்களைத்தான். அதனால் "எங்களுக்கு ஒரு ரிவியூ போடுங்க பாய்" என்று கல்லாவில் கேட்பது வழக்கமாகிவிட்டது. இப்படிக் கேட்பது மார்க்கத்தில் கூடுமா?

தாராளமாகக் கேட்கலாம். ரிவியூ என்பது ஒரு சாட்சியம். வாங்கியவர் தான் கண்டதை, இன்னும் வாங்காதவருக்குச் சொல்கிறார். சாட்சி சொல்ல ஒருவரை அழைக்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், அதற்குக் கூலி கொடுப்பதும்தான் பிரச்சினை.

காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏலம் ஆகுமானதே. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றிவிட்டால் அதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடை செய்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பொருளில் இல்லாத சிறப்பைச் சொல்லிப் புகழ்வதையும் சட்ட அறிஞர்கள் இதில் சேர்த்திருக்கிறார்கள். கடையில் ஒரு டீகூடக் குடிக்காத மச்சானும் மருமகனும் போடும் ஐந்து நட்சத்திரம் வேறென்ன?

"ரிவியூ போட்டால் ரோஸ்மில்க் இலவசம்" என்ற அட்டையும் இந்த வகைதான். கூகுளின் விதியே இதைத் தடுக்கிறது. "திருப்தியா?" என்று முதலில் விசாரித்து, ஆம் என்றவருக்கு மட்டும் லிங்க் அனுப்புவதையும் அது அனுமதிப்பதில்லை. 2022 நவம்பரில் பி.ஐ.எஸ். வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும், காசு கொடுத்து எழுதப்பட்ட ரிவியூக்களை வெளியிடக் கூடாது என்று ரிவியூ வெளியிடும் தளங்களுக்குச் சொல்கிறது.

வாடிக்கையாளரின் போனை வாங்கி ஊழியரே நட்சத்திரத்தை அழுத்துவதும் நடக்கிறது. பெரியவர்கள் கூச்சத்தில் மறுக்க மாட்டார்கள். அதை உதவி என்று சொல்ல முடியாது. கல்லா அருகே கியூ.ஆர். அட்டையை வைத்து, பில் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி, "நிறையோ குறையோ, உள்ளதை எழுதுங்க" என்றால் போதும். தையல் கடைக்காரர் துணியை உடுத்திப் பார்த்த பிறகு கேட்பது நல்லது. பில்லுக்காக வாங்கிய போன் நம்பர் அமானிதம். அதில் தினமும் நச்சரிக்கக் கூடாது.

இதைவிடக் கடினமானது ஒரு நட்சத்திரம் வரும்போது. "நம்ம ஆளே நம்மைப் பற்றிப் புறம் பேசிவிட்டார்" என்று கடைக்காரர்கள் வருந்துவார்கள். இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள 6 சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகிறார். மக்களை எச்சரிப்பது அவற்றில் ஒன்று. கறி கெட்டிருந்தது என்று உண்மையாக எழுதியவர் புறம் பேசியவர் ஆகமாட்டார். அவரைப் போனில் மிரட்டி நீக்கச் சொல்வது, ஜமாஅத்தில் சொல்லி அழுத்தம் கொடுப்பது இரண்டும் அநியாயம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் "ரிவியூவை எடுத்தால் தருகிறேன்" என்ற நிபந்தனை வைத்தால் அதுவும் சாட்சியை விலைக்கு வாங்குவதே. தவறு நடந்திருந்தால் ரிவியூவின் கீழேயே ஒப்புக்கொண்டு, என்ன சரிசெய்தோம் என்று இரண்டு வரி எழுதலாம். படிக்கிறவர் அதைக் கவனிப்பார். வேண்டுமென்றே எழுதப்பட்ட பொய்யாக இருந்தால் கூகுளிடம் புகார் செய்ய வழியுண்டு. பதிலுக்குப் பக்கத்துக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட ஆள் தேடுவது பொய்ச்சாட்சி. அது பெரும்பாவங்களில் எண்ணப்பட்டது.

வீட்டில் இருக்கும் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ரிவியூ போட்டுச் சம்பாதிக்கலாம்" என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் அழைப்பு வருகிறது. போகாத ஹோட்டலைப் புகழ்ந்து வாங்கும் அந்தக் காசு ஹலால் அல்ல. போதாக்குறைக்கு, முதலில் சிறு தொகை அனுப்பி நம்பவைத்து, பிறகு 'டெபாசிட்' என்று ஆயிரக்கணக்கில் கறந்துவிடுகிறார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.