ஒரு திருத்தம், இரண்டு கதவுகள்



சமூக நீதி என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் இடஒதுக்கீட்டையே சொல்கிறோம். நிலம், சொத்து, கூலி பற்றிய பேச்சு வேறு மேடைக்கு உரியது என்று பழகிவிட்டோம். அரசமைப்புச் சட்டத்தின் வரலாறு அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை.

1947இல் அண்ணல் அம்பேத்கர் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையை எழுதினார். அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் அரசுடைமை ஆக வேண்டும் என்றார். நிலத்தை அரசு ஈடு கொடுத்து எடுத்துப் பண்ணைகளாகப் பிரித்து, சாதி மதம் பாராமல் ஊர்க் குடும்பங்களிடம் கூட்டாகப் பயிரிட விட வேண்டும்; நிலக்கிழாரும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் இல்லாமல் போக வேண்டும் என்றார். அடுத்து வரும் பெரும்பான்மை மாற்றிவிட முடியாதபடி இதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதக் கேட்டார். அதுவே அந்த அறிக்கையின் உயிர்.

அது நடக்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் சொத்துரிமை அடிப்படை உரிமை ஆனது. செல்வம் சிலர் கையில் குவியக் கூடாது என்ற 39ஆம் பிரிவோ, வழக்காடிப் பெற முடியாத வழிகாட்டு நெறிகளுக்குள் போயிற்று. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அவர் எச்சரித்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த முரண்பாடு விரைவிலேயே நீதிமன்றம் ஏறியது. 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. வழக்காடியவர் தர்பங்கா மகாராஜா. அவருக்குக் கைகொடுத்தது சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவு! அடுத்த மாதமே செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜமீனும் சாதி மேலாதிக்கமும் அடிப்படை உரிமை என்ற ஒரே குடையின் கீழ் நின்றன.

பெரியார் தலைமையில் தமிழகம் கிளர்ந்தது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோதே, 1951 ஜூன் 18 அன்று முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்கு அது கூட்டிய கட்டுப்பாடுகள் தனி விவாதத்துக்கு உரியவை. அதே திருத்தம்தான் 15(4) வழியாக இடஒதுக்கீட்டுக்கு ஒரு கதவையும், 31ஏ, 31பி, ஒன்பதாம் அட்டவணை வழியாக நிலச் சீர்திருத்தத்துக்கு இன்னொரு கதவையும் திறந்தது.

முதல் கதவை நாம் போராடிக் காத்துவருகிறோம். இரண்டாவது கதவின் வழியே யார் நுழைந்தார்கள்? ஜமீன் ஒழிப்பின் பயன் பெரும்பாலும் குத்தகைக் குடிகளைச் சேர்ந்தது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட சேரி மக்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்துக்கு விலையாகக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன.

நமக்கென்றே ஒதுக்கிய நிலமும் தங்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. நிபந்தனை தாளில் இருக்கிறது. நிலம் பல ஊர்களில் பிறர் கையில் இருக்கிறது. 1994இல் காரணையில் அதை மீட்கக் கிளம்பியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் உயிரிழந்தனர்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து அனைத்தும் 39ஆம் பிரிவு சொல்லும் 'சமூகத்தின் பொருள் வளங்கள்' ஆகிவிடாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம்மிடையே எத்தனை கூட்டங்களில் பேசப்பட்டது? இடஒதுக்கீட்டைத் தொட்டால் தெருவுக்கு வரும் நாம், 39ஆம் பிரிவு சுருங்கும்போது பேசாமல் இருக்கிறோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். எந்தப் புல எண் நம் முன்னோர் பெயரில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். இரண்டாவது கதவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தட்ட வேண்டியவர்கள் நாம்தான்.