கந்தையின் சரித்திரம்

அரசர் உடுத்த பட்டைப் பற்றி எழுதுவோர் பலர். அவ்வரசர் குழவியாய்க் கிடந்த பழந்துணியைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆகவே, நம் கெடாத் தோட்டங்களில் தாய்மார் கையால் தைத்த குழந்தை விரிப்பைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1909-ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் கெடா நாடு சயாமின் மேலாதிக்கத்தினின்றும் நீங்கி ஆங்கிலேயர் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதன்பின் கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின; கங்காணிமார் வழியே தமிழ் மக்கள் வந்து சேர்ந்தனர். மாதரும் விடியுமுன் பெரட்டில் நின்று பால்மரஞ் சீவச் சென்றனர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் விடப்பட்டது. ஏணைக்கும் விரிப்புக்கும் தாய் எடுத்தது தன் பழஞ்சேலையையே. நைந்த பகுதிகளை நீக்கி, எஞ்சியதை இரண்டு மூன்று அடுக்காக மடித்து, ஓட்டத் தையலால் இணைத்தாள். இது வறுமையின் செயல் மட்டுமன்று, அறிவின் செயலுமாகும். பலகால் வெளுத்த பருத்தித் துணி கஞ்சி நீங்கி மென்மையுறும், ஈரத்தை உறிஞ்சும், பிள்ளையின் தோலை உறுத்தாது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படை கெடாவிற் புகுந்தது. மலாயாவுக்குத் துணி பெரும்பாலும் கப்பலில் வந்ததாதலின், கப்பல் நின்றதும் துணிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. கோணிச் சாக்கை உடுத்து மானங் காத்தோர் பலர். தோட்ட மக்களிற் பலர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவருள் மீளாதார் பல்லாயிரவர். அக்காலத்தில் ஒரு முழம் பழந்துணியைக் குழந்தைக்கென ஒதுக்குவது எத்துணைத் தியாகம்!

இவ்விரிப்பையே நாம் கந்தை என்று தாழ்த்திப் பேசுகிறோம். அச்சொல் வடமொழிக் ‘கந்தா’ என்பதன் வழி வந்தது. வங்காளத்தில் அதுவே ‘காந்தா’ என வழங்குகிறது. அங்கும் பழஞ் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையினின்று உருவிய நூலால் குழந்தைகளுக்கு விரிப்புத் தைத்தனர். குருசதய் தத் (1882–1941) என்னும் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் அவற்றை ஊர்தோறும் தேடித் திரட்டினார். ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் கலையறிஞர் 1939-இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். தத் திரட்டியவை 1963-இல் கல்கத்தாவை அடுத்த பொருட்காட்சிசாலையில் மக்கள் பார்வைக்கு வந்தன. சொல் ஒன்றே, அங்கே அது கலை, இங்கே இழிவு! காரணம் யாது? அங்கே போற்றுவார் இருந்தனர். இங்கே நாமே வெட்கினோம்.

தோட்டத்து ஏடுகளில் ஆட்கணக்கு உண்டு, பாற்கணக்கு உண்டு. கிராணியாகிய யான் அவற்றைப் புரட்டிப் பழகியவன். தாயின் தையலுக்கு அவற்றில் ஒரு வரியும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போகவே, குடும்பங்கள் பல பட்டணஞ் சேர்ந்துவிட்டன. வீடு மாறுகையில் முதலில் எறியப்படுவது பழந்துணியன்றோ?

வறுமையைப் போற்றவேண்டுமென்பது நம் கருத்தன்று. எந்தத் தாயும் துணியின்றித் தவிக்கும் நிலை இனி வேண்டாம். ஆயினும், வறுமையிலும் அவள் காட்டிய திறமையை மறைப்பது நன்றிகேடாகும். அன்பர்களே! உங்கள் பாட்டியின் பெட்டியில் அத்தகைய விரிப்பு ஒன்றேனும் இருப்பின் எறியாதீர்கள். தைத்தவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை மூத்தோரிடம் இன்றே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.